பெல்ட்டின் மேல் தவறில்லை

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது, மேடம். போன முறை வந்தபோதே சொல்ல நினைத்தேன். விசாரணைக்கு வந்தவன் நாற்காலியைக் குறை சொன்னால் பேச்சை மாற்றுகிறான் என்று குறித்துக்கொள்வீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு திருகாணி போதும். நீங்கள் விழுந்த பிறகு சரிசெய்தால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

என் தொழில் அப்படி. பதினெட்டு வருடமாக அந்தக் கிடங்கில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். ஓர் அறைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் ஆட்களைப் பார்ப்பார்கள், நான் தரையில் கிடக்கும் ஒயரைப் பார்ப்பேன். "எல்லாம் சரியா இருக்கு சார்" என்கிறவனை அறவே நம்பமாட்டேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. மூன்றாவது முறையாகக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். வண்டி சாய்ந்தது ஒன்று ஏழுக்கு. நான் அபாய மணியை அடித்தது ஒன்று பதினெட்டுக்கு. நடுவில் பதினோரு நிமிடம் என்ன செய்தேன்? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். என்னை அவசரப்படுத்தாமல் வரிசையாகச் சொல்லவிடுங்கள்.

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஒரு ஹெல்மெட் இருக்கிறது. என் அண்ணனுடையது. கறுப்பு நிறம், ஒரு கீறல்கூடக் கிடையாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் பால் வாங்கக் கிளம்பினான். "முக்குக் கடைக்குத்தானடா, இதுக்கெல்லாம் எதுக்கு?" என்று அதைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போனான். வீட்டிலிருந்து நூற்றெண்பது அடி. நான் பிறகு டேப் வைத்து அளந்தேன். ஹெல்மெட் பத்திரமாகத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவனைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். முழங்கைக்கா மூளை இருக்கிறது?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் இந்த வேலைக்கு வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவன் அல்ல என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கிடங்கில் பன்னிரண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது. முன்னால் இரண்டு இரும்பு நாக்கு, மேலே கம்பிக்கூரை, நடுவில் ஓர் ஆள். வளைவில் வேகம் எடுத்தால் சாயும். சாயும்போது ஓட்டுகிறவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உள்ளேயே இருப்பது. பெல்ட் போட்டிருந்தால் கூண்டு அவனைக் காக்கும். போடாவிட்டால் அவன் வெளியே விழுவான், அதே கூண்டு அவன் மேல் விழும். இதைப் பதினெட்டு வருடமாகப் படம் போட்டு, பொம்மை வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வண்டியில் ஓர் ஏற்பாடு உண்டு. பெல்ட்டின் முனை பூட்டில் விழுந்தால்தான் சக்கரம் நகரும். ஆனால் ஒரு ஷிஃப்டில் ஐம்பது தடவை ஏறி இறங்குகிறவர்கள் ஐம்பது தடவையும் மாட்டிக் கழற்றுவார்களா? பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். வண்டியும் நகரும், வேலையும் நடக்கும்.

தினமும் காலை ஏழு மணிக்கு வண்டிகளை வரிசையில் நிறுத்தி, முன்னால் நின்று "மாட்டுங்க" என்பேன். பன்னிரண்டு க்ளிக் கேட்க வேண்டும். கையில் அட்டை, அட்டையில் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு டிக். இதனால் எனக்கு 'க்ளிக் சார்' என்று பேர். "நம்ம சாருக்குக் காதுலதான் கண்ணு" என்று என் காதுபடவே சிரிப்பார்கள்.

பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டுவது தெரியுமா என்று போன முறை கேட்டீர்கள். தெரியாது என்றேன். அது பொய். நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் அட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கண்ணால் பார்த்தால் எழுத வேண்டும். எழுதினால் விதிமீறல். பத்து விதிமீறல் சேர்ந்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் மேலாளர் என்னைக் கூப்பிடுவார். சத்தத்திலேயே எனக்கு எல்லாம் தெரியும். பதினோரு க்ளிக் சடசடவென்று விழும், ஏனென்றால் பின்னால் மாட்டுவது சுலபம். பன்னிரண்டாவது மட்டும் கொஞ்சம் தாமதித்து வரும். அது கண்ணாடியக்கா. தடித்த கண்ணாடி போட்ட ஓட்டுநர் அம்மா, பதினோரு வருடமாக பெல்ட்டை இழுத்து, மடி மேல் படிய வைத்து, ஒழுங்காக மாட்டுகிற ஒரே ஆள். அந்தத் தாமதமான க்ளிக்கைக் கேட்டால் எனக்கு மனசு நிறையும்.

அன்று சாய்ந்த வண்டியை ஓட்டிய சுருட்டை என் மச்சினன், என் மனைவியின் தம்பி. எட்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தான். தலையில் முடி சுருள் சுருளாக, சீப்பு ஒடிந்துபோகும். அவனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது நான், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான், கிடங்கில் சேர்த்துவிட்டதும் நான்தான். கிடங்கில் எல்லாரும் மஞ்சள் ஹெல்மெட் போட வேண்டும். இவன் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் தூக்கி, பட்டையை மாட்டாமல் தொங்கவிட்டு, தலையில் சட்டியைக் கவிழ்த்தவன் மாதிரி திரிவான். என் தலை மறைந்தால் கழற்றி லீவரில் மாட்டிவிடுவான்.

"முடி படிஞ்சா என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது மாமா. அப்புறம் என் சம்பளத்தை வேற எவனுக்காவது குடுத்துடுவாங்க" என்பான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

இப்போது பலகையைப் பற்றி. கிடங்கு வாசலில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. 'விதிமீறல் விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே எண் தகடுகள் தொங்கும். காலையில் நான்தான் மாற்றுவேன். விதியை மீறி, அடிபட்டு, ஒருவன் ஒரு ஷிஃப்டாவது வேலைக்கு வராமல் போனால் எண் பூஜ்யம். விதிப்படி எல்லாம் அணிந்திருந்தும் அடிபட்டால் அது இயந்திரக் கோளாறு, வேறு பதிவேடு, பலகையைத் தொடாது. சம்பவம் நடந்த அன்று காலையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று மாட்டினேன். ஆயிரமாவது நாளன்று தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வருவதாக இருந்தது. நான் பேச வேண்டும். நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அண்ணனைப் பற்றி. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கும்போது இரண்டாவது பக்கத்தில் நானே நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சுருட்டை மட்டும் ஒரு நடை பாக்கி இருக்கிறது என்று பிளாஸ்டிக் குருணை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒன்பதாவது வரிசை வளைவில் திரும்பினான். சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மூட்டைகள் சரிந்திருந்தன. அவன் இடுப்புவரை வெளியே தரையில் மல்லாந்து கிடந்தான். கூரைக் கம்பி அவன் கழுத்துக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றிருந்தது.

கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

"மாமா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றான். "கால் மட்டும் மாட்டிக்கிச்சு. ஆளுங்களைக் கூப்பிடுங்க மாமா."

அபாய மணியின் சிவப்புப் பொத்தான் இருபது தப்படி தூரத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு வண்டியைப் பார்த்தேன். வெறும் இருக்கையில், முதுகு சாய்கிற இடத்தில், பெல்ட் பூட்டியபடி விறைப்பாக நின்றது. மஞ்சள் ஹெல்மெட் லீவரில் தொங்கியது. அண்ணனின் பெட்ரோல் டேங்க் ஞாபகம் வந்தது. எனக்குக் கோபம் வந்தது, மேடம். மறைக்க விரும்பவில்லை. எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன்.

"இருடா, ஒரு நிமிஷம்" என்றேன்.

முதலில் ஹெல்மெட்டை எடுத்து அவன் தலையில் மாட்டினேன். தன்னைக் காப்பாற்றத்தான் மாட்டுகிறேன் என்று நினைத்திருப்பான், அவனே தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தான். புருவம்வரை இழுத்து, பட்டையை மாட்டினேன். டாக்டர் உங்களிடம் சொன்ன தரைத்தூசி விஷயம் சரிதான். தலை தரையில் பட்ட பிறகு மாட்டிய ஹெல்மெட்டுக்குள், சுருட்டை முடியில், சிமெண்ட் தூசி இல்லாமல் எப்படி இருக்கும்?

பிறகு பெல்ட். பூட்டிலிருந்து விடுவித்து, அவன் இடுப்பைச் சுற்றி இழுத்தேன். எட்டவில்லை. இடுப்பு ஒரு சாண் விலகியிருந்தது. அவனுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மூட்டை செருகியிருந்தது. அதை எடுத்தால் அவனை உள்ளே தள்ளலாம். ஆனால் கூரைக் கம்பியைத் தாங்கி நின்றதும் அதே மூட்டைதான்.

"மாமா, மூட்டையத் தொடாதீங்க" என்றான் சுருட்டை. "அதுதான் தாங்குது."

அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். முட்டுக்கொடுக்காமல், தாங்கி நிற்பதைத் தொடாதே. என் வகுப்பில் மூன்றாவது பாடம். ஐம்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள், பாதிப் பேர் தூங்குவார்கள். அவன் ஒருவனாவது மறக்காமல் இருந்தான் என்பது அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதாடா" என்றேன்.

மூட்டை இருபத்தைந்து கிலோ. இரண்டு கையாலும் இழுத்தேன். முதலில் வரவில்லை. கால் கொடுத்து இழுத்ததும் வந்தது. வண்டி நாலு விரல் இறங்கியது. அவன் கத்தினானா என்று கேட்பீர்கள். கத்தவில்லை. பிறகு இடுப்பைத் தள்ளுவதும் பெல்ட்டை மாட்டுவதும் சுலபமாக இருந்தன. க்ளிக் கேட்டது. அவன் வாழ்நாளில் ஒழுங்காகப் போட்ட ஒரே பெல்ட் அது. மூட்டையை மற்ற மூட்டைகளோடு போட்டுவிட்டு, மணிக்கட்டைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு, போய்ப் பொத்தானை அமுக்கினேன்.

ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பதினோரு நிமிடம் ஆகும் என்று எனக்கே தெரியாது.

அறிக்கையில் 'பெல்ட், ஹெல்மெட் இரண்டும் அணிந்திருந்தார்' என்று எழுதினேன். ஓடி வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இயந்திரக் கோளாறு. ஒன்பது நாள் கழித்து ஆயிரம் வந்தது. பெரியவர் வந்தார். ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு நான் பேசினேன். இரண்டாவது பக்கத்தில் நிறைய பேர் அழுதார்கள்.

என் மனைவி அழவில்லை. ஆஸ்பத்திரியில் அவனை முதலில் பார்த்தவள் அவள்தான். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சோறு போடுவாள், நான் சாப்பிடும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் கழித்து, "அவன் ஹெல்மெட்டை எப்பவும் தூக்கித்தானே வைப்பான்?" என்றாள். "அன்னிக்கு நான் சத்தம் போட்டேன், அதனால ஒழுங்கா போட்டிருப்பான்" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அண்ணனின் ஹெல்மெட் சாப்பாட்டு மேசை மேல் இருந்தது.

"இதைக் கொஞ்சம் மாட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மாட்டுங்களேன். நீங்கதான ஊருக்கே மாட்டி விடுறவரு."

மாட்டினேன். பட்டையைப் பூட்டினேன். மிச்சமிருந்த நுனியை மடித்து வளையத்துக்குள் செருகினேன். நுனி தொங்கினால் எதிலாவது சிக்கும். அது என் பழக்கம், கை தானாகச் செய்யும். அவள் கிட்டே வந்து அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த உலகத்துல இப்படி மடிச்சுச் செருகுற ஆளு நீங்க ஒருத்தருதாங்க" என்றாள். "என் தம்பி தாடையிலயும் இப்படித்தான் இருந்துச்சு. அவன் உசிரோட இருக்கும்போது மாட்டினீங்களா, இல்ல..."

அதை அவள் முடிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்து அலமாரி மேல் வைத்தேன். இப்போது அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் என்னை இழுத்து வந்தாள் என்று உங்கள் ஆட்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. அப்படி இல்லை. அவள் கேட்டதற்காக நான் சொல்லவில்லை. உங்கள் பதினோரு நிமிடத்துக்காகவும் சொல்லவில்லை. இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

நான் சொல்ல வந்ததற்குக் காரணம் கண்ணாடியக்கா.

சுருட்டை போன பிறகு ஓட்டுநர்கள் சாப்பாட்டு அறையில் என்ன பேசினார்கள் தெரியுமா? "பெல்ட் போட்டவன்தான் செத்தான். போடலைன்னா குதிச்சுத் தப்பிச்சிருப்பான்." ஒருவன் சொன்னான், பத்துப் பேர் தலையாட்டினார்கள். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும், எல்லாரும் தட்டைப் பார்ப்பார்கள். பெல்ட் அவனைக் கட்டிப்போட்டுக் கொன்றதாம். பதினெட்டு வருடப் பாடம், மேடம். ஒரு வாரத்தில் தண்ணீரில் எழுதியதாகப் போயிற்று.

சுருட்டையின் இடத்துக்குப் புது ஆள் வந்துவிட்டான். போன திங்கட்கிழமை காலை "மாட்டுங்க" என்றேன். பன்னிரண்டு க்ளிக்கும் சடசடவென்று ஒன்றாக விழுந்தன. தாமதமாக ஒன்றுகூட வரவில்லை. அட்டையிலிருந்து கண்ணை எடுத்து, அந்தப் பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மடி மேல் பெல்ட் இல்லை.

பிறகு அவரைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். "வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்கு சார்" என்றார். "உங்க மச்சினனுக்கே அது உதவலையே. எனக்கு மட்டும் எப்படி உதவும்?"

அட்டையில் டிக் போட்டேன்.

வியாழக்கிழமை சரிவில் சக்கரம் வழுக்கி அவர் வண்டி சாய்ந்தது. அவர் குதிக்கப் பார்த்திருக்கிறார். இன்னும் கண் திறக்கவில்லை. நேற்று போய்ப் பார்த்தேன், அவர் மகள் என்னிடம் கண்ணாடியைக் காட்டினாள். ஒரு பக்கம்கூட உடையவில்லை. பலகையில் எண் பூஜ்யம் ஆயிற்று, நானே என் கையால் மாட்டினேன். அது நியாயம். அவர் பெல்ட் போடவில்லை.

ஆனால் இன்று காலை மீதிப் பதினோரு பேர் மறுபடி அப்படியேதான் ஏறி உட்கார்ந்தார்கள். நாளைக்கும் ஏறுவார்கள். அவர்களுக்கு யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? பெல்ட்டின் மேல் தவறில்லை. சுருட்டை பெல்ட் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கியிருப்பான். இதைக் கொட்டை எழுத்தில் அடித்து சாப்பாட்டு அறையில் ஒட்டச் சொல்லுங்கள். கீழே என் கையெழுத்தைப் போடுகிறேன். எனக்கு என்ன தண்டனை என்பதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் காட்டிய டாக்டர் அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். காலில் சிராய்ப்பு. இடுப்பில் லேசான கன்றல். எலும்பு எதுவும் முறியவில்லை, கழுத்தைத் தவிர. அதாவது வண்டி சாய்ந்ததில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஷிஃப்டுகூட விடாமல் மறுநாள் காலை நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்திருப்பான், வாசலில் என்னைப் பார்த்து ஏதாவது கிண்டல் செய்திருப்பான். மூட்டையை எடுத்தது நான். தாங்கி நிற்கிறது என்று தெரியும், இறங்கும் என்று தெரியும், அவனும் சொன்னான். தெரிந்துதான் எடுத்தேன். அவனைக் கொன்றது நான்தான்.

தெரிந்து செய்தது விபத்தாகாது, மேடம். பலகை விபத்துக்கு மட்டும்தான். ஆகவே அந்த ஆயிரம் செல்லும், அதை மட்டும் யாரும் அழிக்க வேண்டாம்.